தள்ளிவிட்ட கார்

ஜூலை 6, ஞாயிறு. ஆவடி.

அப்பாவின் காரை இன்று விற்றோம். அவர் இறந்தபின் யாரும் அதை எடுக்கவில்லை. திருநின்றவூரிலிருந்து வாங்க வந்தவர் சாவியைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பேட்டரி பூட்ச்சா தம்பி?"

ஹாரன் நன்றாகவே கத்தியது. விளக்கும் மங்கவில்லை. பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, இறுக்கிவிட்டேன். மறுபடியும் டக்.

"அப்ப ஸ்டார்ட்டர்தான் மக்கர் பண்ணுது. வண்டிய ஓட்டிகினு போவ சொன்னியா, இஸ்துகினு போவ சொன்னியா?"

வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

அம்மா வெளியே வந்து, புடவையைச் செருகிக்கொண்டு டிக்கியின் இடது பக்கம் கை வைத்தாள். எப்போதும் அதுதான் அவள் இடம். வலது பக்கம் எனக்கு.

"செகண்ட் கியர்ல போடுங்க. நான் சொல்றப்ப கிளட்ச்ச விடுங்க."

தள்ளினோம். பால் பூத்தைத் தாண்டியதும் "இப்ப" என்றாள். வண்டி குலுங்கி ஸ்டார்ட் ஆனது. அம்மா கூடவே ஓடி, இடது முன்கதவைத் திறந்துவிட்டாள்.

அப்பா நிறுத்தவே மாட்டார். மெதுவாக உருட்டிக்கொண்டே போவார். நாங்கள்தான் சிரித்துக்கொண்டு ஓடி ஏறுவோம்.

வந்தவர் பிரேக்கில் கால் வைத்தார். "இன்னாம்மா, உள்ள எதுனா வெச்சிட்டியா?"

அம்மா ஒரு கணம் அந்த சீட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. நிறுத்தாதீங்க, அணைஞ்சிடும்" என்று கதவைச் சாத்தினாள்.