சந்தனம் வைத்த பெட்டி

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மத்தியானம் வெறும் இடி. மழை இல்லை.

தேங்காய் ரூமைக் கூட்டியாச்சு. நார் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினால் எதிரொலி வராது. டேப் மெஷின், மிக்சர், என் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. எல்லாம் ரெடி.

கோயமுத்தூர் மியூசிக் மாஸ்டர் காரில் வந்து இறங்கினார். மெட்ராஸ் ரெக்கார்டு கம்பெனியில் பேசி, நம் பெருமாட்டி ஊர்க் கும்மிப் பாட்டைக் கேட்கச் சம்மதிக்க வைத்தவர். அதற்கு நன்றி உண்டு. வெள்ளிக்கிழமை டேப்பைக் கையோடு கொண்டுபோகிறார். பிடித்தால் இசைத்தட்டு போடுவார்கள். இல்லாவிட்டால் அவ்வளவுதான், இன்னொரு தடவை கேட்கமாட்டார்கள்.

வேலை:
டே.1, பாட்டு. மாராக்காவும் பத்துப் பெண்களும். போன வாரமே எடுத்தாச்சு.
டே.2, மேளமும் ஆர்மோனியமும். மாஸ்டர் ஆட்கள் வாசித்தது.
இரண்டையும் அளவாகச் சேர்த்து டே.3. மெட்ராஸ் போவது இது.

காரிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் இறங்கியது. நாலு பேர் தூக்கினார்கள். என் பெட்டிகளைப் பார்த்து மாஸ்டருக்கு ஒரு சிரிப்பு. பிஸ்கட் டின் அளவுதான், மேலே தோல் வார்.

“ஏனுங்க அம்மிணி, இதுல பாட்டுக் கேக்கறீங்களா, பருப்புக் கொட்டி வெக்கறீங்களா?”

எட்டு வருசமாக ஊர் ஊராகப் பாட்டு எடுத்து இதில்தான் கேட்கிறேன். பஸ்ஸில் மடியில், மூணாறில் ஜீப்பில் காலடியில், கல்யாணச் சீர் வீடுகளில் பந்தல் மூலையில். ஒரு தடவைகூட என்னிடம் பொய் சொன்னதில்லை. மாஸ்டருக்குக் காபி கொடுத்தேன்.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். பத்து முதல் மூன்று வரை வேலை. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போச்சு.

மாஸ்டர் தன் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுச் சேர்த்தார். மேளம் நெஞ்சில் வந்து இடித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் புல்லரித்தது.

பிறகு அதையே என் இடது பெட்டியில் போட்டேன். டம் டம் டம். மாராக்காவைக் காணோம்.

இடது பெட்டி கொஞ்சம் மந்தம். ஏழு வருசத்துக்கு முன் ஆயுத பூஜை அன்று என் நாத்தனார் அரிவாள், ஏர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து, இதற்கும் வைத்துவிட்டாள். மரத்தில் வைத்திருக்கலாம். துணியைத் தள்ளிவிட்டு உள்ளே அதிர்கிற கறுப்புக் காகிதத்தில் குழைத்துப் பெரிதாக ஒரு பொட்டு. அன்று அவளை நான் திட்டாத திட்டு இல்லை. காய்ந்த பிறகு கேட்டால், சன்னச் சத்தம் எல்லாம் மங்கிப்போச்சு. ஆனால் போகப் போகப் புரிந்தது. இந்த மந்தத்தில் ஒரு பாட்டின் வார்த்தை புரிந்தால் எந்தக் கடை ரேடியோவிலும் புரியும். அதுமுதல் கடைசித் தீர்ப்பு இடதுதான்.

மாஸ்டர்: “உங்க பெட்டி செவுடுங்க.”
நான்: “ஊரே செவுடுதானுங்க. உங்க பெட்டி எத்தனை ஊட்டுல இருக்குது?”

முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

ஐப்பசி 6, புதன்

வெயில்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தேன். மாஸ்டர் என் இடது பெட்டி முன்னால் ஈரத் துணியோடு நிற்கிறார். “அழுக்கா இருந்துதுங்க. சுத்தம் பண்ணி உட்டேன். இனிக் கேளுங்க, மணியாட்டம் கேக்கும்.”

சந்தனம் போச்சு. அதோடு காகிதமும் ஒரு விரல் நீளம் கிழிஞ்சு போச்சு. போட்டால் கரகரவென்று தகரச் சத்தம்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். வீட்டுக்காரர் வயலிலிருந்து ஓடி வந்தார். மாஸ்டர் சொன்னார், “ஒரு பழைய பெட்டிக்கு இத்தனை ரகளையா? நேத்துச் சேர்த்ததே போதும். அதையே கொண்டு போறேன்.”

அதுதானே அவருக்கு வேணும். மாட்டேன். டேப் என்னுடையது, பாட்டு அவர்களுடையது.

ஆள் விட்டு நாத்தனாரை வரவழைத்தேன். வலது பெட்டியை முன்னால் வைத்து, “இதுக்கும் சந்தனம் வெய்யுங்க” என்றேன்.

“ஏழு வருசமா என்னையக் கரிச்சுக் கொட்டினியே அம்மிணி. இப்ப நீயே வெக்கச் சொல்றயா?”

“அன்னிக்கு வெச்ச மாதிரியே வெய்யுங்க. உள்ள. நல்லாக் குழைச்சு.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணி. எனக்கும்தான், வேறு காரணம். வெயிலில் காய வைத்தோம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கோழி விரட்டினார்.

ஐப்பசி 7, வியாழன்

காய்ந்துவிட்டது. அச்சாகப் பழைய இடது மாதிரி இல்லை. முக்கால்வாசி வரும். போதும்.

மேளத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். மாராக்கா இழுக்கிற இழுப்பு, பின்னால் பத்துப் பேரின் கைத்தட்டு, எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும்வரை விடவில்லை. ஒரு மணிக்கு முடிந்தது. சோறு ஆறிப் போயிருந்தது.

சாயங்காலம் சாயாக்கடைக்கு எடுத்துப்போனேன். பனைமரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர் அங்கேதான். பதினொரு பெண்களும் வந்தார்கள். மாஸ்டரையும் கூப்பிட்டேன், வந்தார். முதலில் அவர் சேர்த்தது. அப்புறம் நான் சேர்த்தது. எது யாருடையது என்று நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் டேப் ஓடும்போது மாராக்கா பனைமரத்தையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். முடிந்ததும் கேட்டார்: “ஏனுங்க மாஸ்டர், பாடுனது நாங்க. இதுல எங்களைக் காணமுங்களே?”

இரண்டாவது ஓடியபோது கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ரோட்டில் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்தி, கூடவே ஒரு அடி பாடினான். கேட்டுக் கேட்டுத்தானே பாடினான். வார்த்தை புரிந்துதானே பாடினான்!

மாஸ்டர் அசையவில்லை. “இது கம்பெனிக்கு ஆகாதுங்க. இதை நான் கொண்டு போக மாட்டேன். எம் பேரும் போட வேண்டாம்.”

சரிங்க என்றேன்.

ஐப்பசி 8, வெள்ளி

விடியலிலேயே தூறல். மாஸ்டர் கார் கிளம்பியாச்சு, பெரிய ஸ்பீக்கரோடு.

எடுத்துக்கொண்டது: டே.3. வலது பெட்டி. கட்டுச்சோறு. மாற்றுச் சேலை. கம்பெனி அட்ரஸ், மாஸ்டர் வீட்டுக்காரரிடம் முன்பே எழுதிக் கொடுத்த சீட்டு.

டேப் டப்பா மேல் பேர் எழுதினேன். மாஸ்டர் பேருக்கு விட்டிருந்த இடத்தில் பதினொரு பெண்கள் பேர். இடம் பத்தவில்லை. பக்கவாட்டிலும் எழுதினேன்.

மாராக்கா கூட வருகிறார். பழனிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லையாம். புதுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். இப்போது பஸ் நிற்கிற புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி மடியில், மேலே வீட்டுக்காரர் துண்டு.

“அம்மிணி, அவ்வளவு தூரம் போயி, கம்பெனிக்காரன் டேப்பைக் கேக்கவே மாட்டேன்னா?”

“நீங்க அங்கயே நின்னு பாடுங்கக்கா.”

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாடறேன்.”

பஸ் வந்துவிட்டது.