நாள் முழுக்கச் செல்லும் சீட்டு

நேற்று அம்பத்தூர் பணிமனைக்குப் போய் டோக்கன் வாங்கி வந்தேன். அறுபது வயது தாண்டியவர்கள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போவதற்குக் கொடுக்கிறார்களே, அதுதான். மாதத்துக்குப் பத்து. நீ போன பிறகு வந்த திட்டம், அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து பத்தையும் மேசைமேல் பரப்பியபோது சிரிப்பு வந்தது. நாள் முழுக்க எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற ஒரே சீட்டை வைத்துக்கொண்டு சென்னையைச் சுற்றியவள் நீ. உன் கையில் இந்தப் பத்தைக் கொடுத்திருந்தால் இரண்டு நாளில் தீர்த்துவிட்டு என்னுடையதிலும் கை வைத்திருப்பாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் காசே கிடையாது. நீ இருந்திருந்தால் நான் வீட்டில் சோறு வடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பேன்.

பணிமனையில் டோக்கன் கொடுக்கும் பெண் என் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டே, பேச்சுத் துணைக்குக் கேட்பதுபோல், “உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்கய்யா?” என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் மற்றதை நீ காதில் வாங்க மாட்டாய்.

நாம் குடியிருந்த நெய்வேலியில் அந்தக் கேள்விக்கு யாரும் நெய்வேலி என்று பதில் சொன்னதில்லை. நமக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் திருநெல்வேலி என்பார், எதிர்வீட்டுக்காரர் தஞ்சாவூர் என்பார். பொங்கலுக்கு பிளாக்கே காலியாகும். முப்பது வருஷம் அங்கேயே சம்பளம் வாங்கி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே முடி நரைத்தவர்கள்கூட ஊர் என்று இன்னொன்றைத்தான் சொல்வார்கள். நீ ஒருத்திதான் தயங்காமல் “நெய்வேலி” என்பாய். நான் உடனே குறுக்கிட்டு, “நெல்லிக்குப்பம் பக்கம்ங்க, இவங்க திருவதிகை” என்று திருத்துவேன். வீட்டுக்கு வந்ததும், குவார்ட்டர்ஸ் எப்படி ஊராகும் என்று உன்னோடு சண்டை பிடிப்பேன். “முப்பது வருசம் தண்ணி புடிச்ச எடம் ஊரு இல்லன்னா, வேற எதுங்க ஊரு?” என்பாய் நீ. எனக்குக் கோபம்தான் வரும்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது அந்தச் சண்டை முற்றியது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பின்பக்கம் நீ வைத்த பலா அந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்திருந்தது. அதையும் கம்பெனியிடம் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதை நாம் இருவருமே பேசவில்லை. பேசியதெல்லாம் அடுத்து எங்கே என்பதுதான்.

எனக்கு முடிவு எப்போதோ ஆகிவிட்டது. என் ஊரில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில்தான் நான் பிறந்தேன். அப்பா அடுத்தவர் கரும்புக் கொல்லையில் காலம் முழுக்க வெட்டினார். ஊர்த்தெரு வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார், தெரு முடிந்ததும் ஏறிக்கொள்வார். நானும் பின்னால் நடந்திருக்கிறேன். நிலக்கரி மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆன அன்றே தீர்மானித்துவிட்டேன், ஓய்வு பெற்றதும் அந்தத் தெருமுனையில் ஒரு மாடி வீடு கட்ட வேண்டும், அப்பா இறங்கி நடந்த இடத்தில் நான் மாடியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று. அந்த ஒரு நாற்காலிக்காக முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீ வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. “ஒரு தடவ மெட்ராஸ் போயிட்டு வரலாங்க. சொந்தக்காரங்க வூட்டுக்கு வேணாம். ஊர மட்டும் பாத்துட்டு வரலாம்” என்று மட்டும் கேட்டாய். கடைசிக் காலத்தில் சுற்றுலா ஆசை போலும் என்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் லீவு போட்டேன்.

கோயம்பேட்டில் லாட்ஜில் தங்கி, காலையில் பஸ் நிலையத்துக்கு வந்தோம். நான் ஒரு தாளில் மியூசியம், கடற்கரை, கோயில், கடைத்தெரு என்று நேரம் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஷிப்ட்காரன் புத்தி வேறு எப்படி இருக்கும்? நீ அதற்குள் விசாரிக்கும் இடத்தில் நின்று, “நாள் பூரா சுத்தறதுக்கு ஒரே டிக்கெட்டு இருக்காமே” என்று கேட்டுக்கொண்டிருந்தாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒன்று வாங்கினோம். அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீ பேனாவை வாங்கி, நிதானமாக முழுப்பெயரையும் எழுதி, சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாய்.

என் தாள் ஒன்பது மணிக்கே வீணாயிற்று. மியூசியம் வந்தது, நீ எழுந்திருக்கவில்லை. “போவட்டும்ங்க, உக்காருங்க” என்றாய். கடற்கரை வந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கடல்தான, அது கடலூர்லயே கெடக்குது” என்றாய். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குத்தான் தரையில் கால் வைத்தோம். எழும்பூரில் நின்றபடியே இட்லி தின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து இவள் என்னதான் பார்க்கிறாள் என்று நானும் உன் பக்கமாகக் குனிந்து பார்த்தேன். மாடியில் காயும் துணி, அடிபம்பில் நிற்கும் குடம், பூட்டின கடை வாசலில் உட்கார்ந்து பூக்கட்டும் பொம்பளை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்கள். நெய்வேலியில் இல்லாதது என்ன அதில் என்று கேட்டேன். நீ சிரித்தாய். வாடகைக்கு வீடு என்று எழுதித் தொங்கிய அட்டைகளை நீ எண்ணிக்கொண்டு வந்தாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மேல் நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. டவுன்ஷிப்பில் ஓடும் பஸ் எல்லா பிளாக்கையும் சுற்றிக்கொண்டு ஏறிய இடத்துக்கே திரும்பி வரும். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் நாம் யாரும் இறங்குவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் நம் பிளாக் தானாக வரும். முப்பது வருஷப் பழக்கம், அது உடம்பில் ஊறிவிட்டது. பாரிமுனையில் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறினோம். நீ இடது பக்கம் பெண்கள் இருக்கையில், நான் பின்னால். ஊர் தாண்டி ஊர் போயிற்று. கோயம்பேட்டுக்கு எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று கேட்க நான் எழுந்தபோது, நீ திரும்பிப் பார்த்து, உட்காருங்கள் என்று கையால் சைகை காட்டினாய். சுற்றிவிட்டு வரும்தானே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். உன் பக்கத்தில் இருந்த நீலச் சேலைக்காரப் பெண்மணி உன்மேல் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பஸ் ஒரு திடலில் போய் நின்று இஞ்சின் அணைந்தது. எல்லாரும் இறங்கினார்கள், நாம் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நடத்துனர் வந்து, “கடைசி ஸ்டாப்பிங், எறங்குங்க” என்றார்.

“திரும்பிப் போவாதா?” என்று கேட்டேன்.

“எங்க டியூட்டி முடிஞ்சுது சார். வேற வண்டி வரும், அதுல போங்க.”

“இல்லைங்க, நாங்க ஏறுன எடத்துக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏறுன எடத்துக்கே போறதுக்கு எதுக்கு சார் பஸ் ஏறுனீங்க?” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அதுதான் அம்பத்தூர் எஸ்டேட். கம்பெனிச் சுவர்கள், கிரீஸ் வாசனை, டிபன் பாக்ஸோடு ஷிப்டுக்குப் போகும் ஆட்கள். ஐந்து மணி வண்டியைப் பிடித்திருந்தால் இரவு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம், மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். ரோட்டிலேயே நின்று உன்னைத் திட்டினேன். ஒரு இடம் பார்க்கவில்லை, ஒரு கோயில் போகவில்லை, சீட்டை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஆடு மாடு மாதிரி வண்டியில் ஏறி இறங்கியதுதான் மிச்சம் என்றேன். நீ டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாய். என்னைப் பார்க்காமல் பேசினாய்.

“அந்தம்மா ஆஸ்பத்திரில பெருக்கித் தொடைக்கற வேலையாம். ஏறுனதுலேந்து என் தோள்லயே தூங்கிக்கினு வந்துது. எழுப்ப மனசு வரல. அதான் உங்கள உக்காரச் சொன்னன். எறங்கும்போது எந்த ஊருன்னு கேட்டுது. நெய்வேலின்னன். கரண்டு எடுக்கற ஊரான்னு கேட்டுட்டு எறங்கிடுச்சு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.”

“இதுல என்ன இருக்குது?” என்று கேட்டேன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன்.

“நெய்வேலில யாராவது அட்ரஸ் கேட்டா பிளாக் நம்பரு, வூட்டு நம்பரு சொல்லுவன். அதோட முடிஞ்சிடும். உங்க ஊர்ல தெரு பேரயும் யாரு வூடுன்னும் சொல்லணும். சொன்னா, வந்தவங்க உக்காரலாமா நிக்கலாமான்னு யோசிப்பாங்க. மாடி வூடு கட்டினாலும் தெரு அதேதாங்க.” அதே குரலில் மேலும் சொன்னாய். “நீங்க கூப்புட்டா வரமாட்டன்னு நான் சொல்லல. ஆனா நான் செத்தா எந்த வழியா தூக்கினு போவறதுன்னு அங்க பேசுவாங்க. அதுக்குத்தாங்க நான் பயப்படறன்.”

என் அப்பாவை வாய்க்கால் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். இடுப்பளவு தண்ணீர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத நீ கரையில் நின்று பார்த்தாய். அதைப்பற்றி நாம் அதுவரை பேசியதே இல்லை. நான் டீக்குச் சொன்னேன். இரண்டு பேரும் குடித்தோம். “டிக்கெட்டு இன்னும் செல்லும்ங்க, வாங்க” என்று நீதான் முதலில் எழுந்தாய். மறுநாள் முதல் ஷிப்டுக்கு நான் போகவில்லை. முப்பது வருஷத்தில் சொல்லாமல் எடுத்த ஒரே லீவு அது.

வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த தெருமுனை மனையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். அம்பத்தூரில் வீடு தேடினோம். சென்னை என்ன சொர்க்கமா? முதல் வீட்டில், “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகவே கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். பார்த்தாயா உன் மெட்ராஸை என்று நான் குதித்தேன். மூன்றாவது வீட்டு அம்மாள் கரண்டு பில் தனி, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். “கேட்டது ரெண்டு வூடு, கேக்காதது ஒண்ணு. நமக்கு ஒண்ணு போதும்ங்க” என்றாய். அந்த ஒன்றில்தான் இன்னும் இருக்கிறேன்.

எட்டு வருஷம் நீ இங்கே இருந்தாய். மாதத்தில் ஒருநாள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவாய். நான் வரவில்லை என்று வீம்பாக உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வந்து, இன்றைக்குத் திருவொற்றியூர் போனேன், தாம்பரம் போனேன் என்பாய். கூட வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன பயன்?

நீ போன அன்று நம் காம்பவுண்டில் குடியிருப்பவர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். எந்த வழியாகப் போக வேண்டும் என்று யாரோ வண்டிக்காரரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் வண்டிக்காரரையே பார்த்தேன். “மெயின் ரோடுதான், அதான் கிட்ட” என்றார் அவர். அவ்வளவுதான். பணிமனை வாசலில் வெளியே வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஒன்று நமக்கு வழிவிட்டு நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவருக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது.

நீ சொன்னதுதான் சரி என்று அந்த எட்டு வருஷத்தில் ஒருநாளாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தோற்றுவிட்டதுபோல் இருந்தது எனக்கு. அப்பாவுக்காக நான் போட நினைத்த நாற்காலியை நீ பறித்துக்கொண்டதாகக்கூட சில நாள் நினைத்திருக்கிறேன். நீ எனக்காகவும்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினாய் என்பது புரிய இவ்வளவு காலம் பிடித்தது. என் வழியைப் பற்றியும் இனி யாரும் பேசப்போவதில்லை.

சரி, நேற்றுக்கு வருகிறேன். சொந்த ஊர் எது என்று அந்தப் பெண் கேட்டாளா, “நெய்வேலி” என்றேன். பதினாறாவது பிளாக் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, “அங்க எல்லாரும் வேலைக்கு வந்தவங்கதானங்கய்யா? சொந்த ஊருன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லையே” என்றாள்.

“என் வூட்டுக்காரி சொல்லுவாம்மா. முப்பது வருசம் தண்ணி புடிச்ச எடம் ஊரு இல்லன்னா, வேற எது ஊருன்னு” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, பத்து டோக்கனை எண்ணி என்னிடம் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.