ஜீனா அக்கா சொல்லியும் நான் கிழிக்காத பக்கம்

என் அன்பு ஜீனா அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்த அந்த வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரிலும் இதை வாசிக்க ஒருத்தரும் இல்லை. அந்த ஒரு துணிவில்தான் பேனையை எடுத்தேன்.

போன கிழமை அந்த ஊர் நூலகத்திலிருந்து ஒரு பொதி வந்தது. உங்கட பெயருக்கு, என்ர விலாசத்துக்கு. போன குளிர்காலத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள் என்று அவர்களுக்கு நான் அறிவிக்கவில்லை. அறிவித்தால் அங்கேயும் நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்கள் என்று நினைத்தேனோ, என்னவோ.

பொதிக்குள் ஒரு புத்தகம். இத்தாலி மலைக்கிராமங்களிலிருந்து வேல்ஸுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள், அவர்கள் நடத்திய கஃபேக்கள், அந்தப் பிள்ளைகள் கிழவர்களான பிறகு சொன்ன நினைவுகள். நடுப்பக்கத்தில் உங்கட அப்பாவின் கடை. வாசலில் வெள்ளை ஏப்ரனோடு அவர் நிற்கிறார். பக்கத்தில் முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்போடு நீங்கள். அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

சிட்னியில் நீங்கள் நடத்திய கஃபேக்கு நான் வந்த நாள் நினைவிருக்கிறதா? எண்பத்து நாலாம் ஆண்டு, மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனடியில் மழைக்கு ஒதுங்கினேன். கையில் நாலு வயது ஆரணி. நீங்கள் அவளுக்கு ஒரு கோப்பை சூடான பால் நுரைத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "உட்கார், கரியாட்" என்றீர்கள். என்ர நிறத்தைத்தான் சொல்லுகிறீர்களாக்கும் என்று மனம் சுருங்கிப்போனது. அது வேல்ஸ் மொழியில் 'என் அன்பே' என்று அறிய எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அதற்குள் நான் உங்கட குசினியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

இங்கே எல்லோரும் வெள்ளைக்காரரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. அன்ரி என்றேன், முகம் சுளித்தீர்கள். அக்கா என்றேன். அர்த்தம் கேட்டீர்கள், சொன்னேன். தம்பிமாரோடு மட்டும் வளர்ந்தவள், இது எனக்கு வேண்டும் என்று சிரித்தீர்கள்.

கோப்பி மெஷினின் நீராவியில், இறைச்சி வைத்த மாப்பண்டமான 'பை'யைச் சூடாக்குவீர்கள். அதுதான் உங்கட ஊர் வழக்கம். மெரிலேண்ட்ஸ் ஆட்களுக்கு அது பிடிக்கவே இல்லை, பை மொறுமொறு என்று இருக்கவேண்டுமாம். நீங்கள் கடைசிவரை மாற்றவில்லை. இந்த ஊர் இத்தாலியர் உங்களை ஆங்கிலேயப் பெண் என்றார்கள். ஆங்கிலேயர் இத்தாலியக்காரி என்றார்கள். கணவரும் போய், பிள்ளையும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே தனியே இருந்து வேல்ஸ் தேவாலயப் பாட்டுகள் முணுமுணுப்பீர்கள். ஒரு ஞாயிறு நான் குடையை எடுக்க வந்தபோது அதைக் கேட்டேன். கதவைத் தட்டாமல் நனைந்துகொண்டே திரும்பிப் போனேன்.

கடை மூடிப் பத்து வருஷம் கழித்துத்தான், உங்கட நினைவுகளை எழுதி அனுப்பக் கேட்டு அந்த நூலகத்துக் கடிதம் வந்தது. உங்களுக்குக் கண் ஏறக்குறைய முழுதாய் மங்கியிருந்தது. நீங்கள் சொல்ல நான் எழுதுவது என்று முடிவாகியது. ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் வந்தேன். ஐஸ்கிரீம் மரப்பீப்பா, வேலை முடிந்து கறுத்த முகத்தோடு வரும் சுரங்கத் தொழிலாளர், ஞாயிறு கடை திறந்ததற்காக அப்பாவைத் திட்டிய பாதிரியார், பிறகு பின்கதவால் வந்து சிகரெட் வாங்கிய அதே பாதிரியார். சொல்லச் சொல்ல உங்கட முகம் இளகிப்போகும். எழுதி எழுதி இரண்டு கொப்பி நிரம்பியது.

கடைசி வியாழன், எல்லாம் முடிந்தது என்று நான் பேனையை மூடினேன். "இன்னும் ஒண்டு இருக்கு, எழுது" என்றீர்கள்.

உங்களுக்குப் பன்னிரண்டு வயது. நாற்பதாம் ஆண்டு, ஜூன் மாதம். இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதாக ரேடியோ சொன்ன அந்தப் பின்னேரம், வெளிச்சம் குறைய முன்னமே தெருவில் கூட்டம் சேர்ந்தது. நீங்கள் மாடிப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைக் கண்ணாடி ஒரே அடியில் விழுந்தது. கல்லை எறிந்த கை உங்களுக்குத் தெரிந்த கை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, அதே ஜன்னலோரம் தேத்தண்ணி குடிக்கிற மனிதர். உங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர்.

அடுத்த நாள் காலை பொலிஸ்காரர் வந்தார். அவரும் வாடிக்கையாளர்தான். அப்பா முகச்சவரம் செய்து முடிக்கும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று அப்பாவை அடைத்து வைத்தார்கள், பிறகு கனடாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை.

ஜன்னலுக்குப் பலகை அடித்து, அம்மா கடையைத் திறந்தார். முதல் ஆளாக அந்த மனிதர் வந்து நின்றார். தேத்தண்ணி கேட்டார். அம்மா ஊற்றிக் கொடுத்தார். உங்களைத்தான் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர் அந்தக் கடைக்கு வந்தார். அம்மாவின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் அவரும் ஒருவர்.

"அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கேல்லை. அம்மா ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. அது மன்னிப்போ, வேற வழி இல்லாததோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது, வசந்தி."

கொப்பியில் இடமில்லாமல் ஒரு தனித்தாளில் எழுதி முடித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னீர்கள். அந்த மனிதரின் மகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள், உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவள், ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் அட்டை போடுகிறவள். அவளுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுடைய அப்பாவை அவளிடமே விட்டுவிடவேண்டும் என்றீர்கள்.

அக்கா, இப்போது சொல்லுகிறேன். நான் அதைக் கிழிக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளை எடுத்து உங்கட காதுக்குக் கேட்கக் கிழித்தேன். நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினீர்கள். என் கையைத் தடவினீர்கள். கண் தெரியாத ஒருவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்தப் பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு ஜன்னல் இருந்தது. உங்களிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில், ஒரு திங்கட்கிழமை, ஆரணியின் அப்பா, இவர், கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலிருந்து கந்தோருக்கு வேலைக்குப் போனவர். மத்தியானம் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்து தெருவெல்லாம் புகை. நானும் ஆரணியும் மதிலால் ஏறிப் பின்வீட்டுக்குள் ஒளித்தோம். எங்கட வீட்டுக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது, யார் உடைத்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. இவர் திரும்பி வரவில்லை. எங்களுக்கும் உடல் கிடைக்கவில்லை.

சிட்னிக்கு வந்து இரண்டு வருஷத்தில் ஆரணி அப்பா எங்கே என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. பஸ் விபத்து என்று சொன்னேன். கலவரத்துக்கு முந்தின வருஷம், பெப்ரவரியில் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. எனக்கும் தாங்கக்கூடியதாக இருந்தது. என்ர அண்ணாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. பெப்ரவரி வந்தால் இவரின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்துவோம். அவள் மெல்பேர்ணுக்கு வேலைக்குப் போன பிறகும் அங்கே தனியே கொளுத்துவாள்.

இந்த மே மாதம் ஊரில் போர் முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆரணி ஒரு சனி, ஞாயிறு என்னோடு இருக்க வந்தாள். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "அட்லீஸ்ட் அப்பா இதையெல்லாம் பார்க்கேல்லை, அம்மா" என்றாள்.

நான் எழும்பிப் போய் உங்கட பக்கத்தை எடுத்துவந்தேன். என்ர கதையைத் தொடங்கத் தெரியாமல் உங்கட கதையைத்தான் வாசித்துக் காட்டினேன். அந்த மனிதரின் பெயரை மட்டும் வாசிக்கவில்லை, இங்கேயும் எழுதவில்லை. வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தேன். "உன்ர அப்பா பஸ் விபத்தில சாகேல்லை, ஆரணி" என்றேன்.

முழுதும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் இவ்வளவு காலமும் எந்த நாளுக்கு விளக்குக் கொளுத்தினனான்?"

ஞாயிறு பின்னேரம் போகவேண்டியவள் காலையிலேயே டாக்ஸி எடுத்து விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். மூன்று கிழமை போன் இல்லை. நான் எடுத்தாலும் எடுக்கவில்லை. அந்த நாட்களில் உங்கட பழைய கடைப்பக்கம் நடந்து போனேன். இப்போது அங்கே கைத்தொலைபேசி விற்கிறார்கள். வாசலில் நின்றேன். உள்ளே நின்ற பெடியன் என்ன வேண்டும் என்று கேட்டான், ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரியோ, அக்கா? அந்தப் பக்கத்தை அன்றைக்கே கிழித்திருக்க வேண்டுமோ?

முந்தநாள் எடுத்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "அப்பா அண்டைக்கு என்ன நிற ஷேர்ட் போட்டிருந்தவர்?" என்று கேட்டாள்.

எனக்கு நினைவில்லை, அக்கா. சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுத்தது நினைவிருக்கிறது. வாசல் படலையைச் சாத்திய சத்தம் நினைவிருக்கிறது. ஷேர்ட் நினைவில்லை. வெள்ளை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "தெரியாது பிள்ளை" என்றேன். போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, ஜூலையில் வாறன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நூலகத்துக்கு நாளை எழுதுகிறேன், நீங்கள் இல்லை என்று. நாங்கள் அனுப்பிய கொப்பி இரண்டிலும் உள்ளது மட்டும்தான் உங்கட நினைவுகள் என்றும் எழுதுவேன். உங்கட சினேகிதியின் அப்பா அவளோடேயே இருப்பார், என்னால் அவளுக்கு ஒரு சொல்லும் போகாது. ஜூலையில் ஆரணி கேட்பதற்கெல்லாம் மறுமொழி சொல்லுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவேன். இவரைப் பற்றி இனி ஒன்றையும் இட்டுக்கட்டமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இந்த வாக்கிலாவது நான் உங்களை ஏமாற்றமாட்டேன்.

உங்களுக்குக் கூடப்பிறக்காமல் கிடைத்த தங்கச்சி,
வசந்தி
மெரிலேண்ட்ஸ், ஜூன் 2009