அனுமதி கேட்காத செபம்

2025 மார்ச் 3, திங்கள்

வெள்ளவத்தையிலிருந்து பீற்றரின் தாய் கோல் எடுத்தார். பீற்றருக்கு என் மகள் றொஷானியைப் பேசி, ஈஸ்டருக்குப் பிறகு மோதிரம் மாற்றுவதாக இருந்தது. “இப்ப என்ன அவசரம் புளோறன்ஸ், நீங்க முதல்ல சுகமாகுங்கோ” என்றார். அவ்வளவு இனிமையாக. எனக்குச் சுகமில்லை என்று இவருக்கு யார் சொன்னது?

அதே நாள், பின்னேரம்

றொஷானிதான் போனை நீட்டினாள். எங்கள் பங்குக் கோயிலின் செபக் குழுப் பேஸ்புக் பக்கத்தில் நான் இருக்கிறேன். தலையில் துணி இல்லை, மயிரும் இல்லை, வாய் சற்றுத் திறந்தபடி தூங்குகிறேன். “கொட்டாஞ்சேனை புளோறன்ஸ் அக்காவுக்காக உருக்கமாக மன்றாடுங்கள். மார்பகப் புற்றுநோய். கீமோ நடக்கிறது.” போட்டவள் டெனிஷா, என் தம்பி சாந்தனின் மனைவி. போன கிழமை சூப் கொண்டு வந்தவள். நான் கண்ணயர்ந்த நேரம் எடுத்திருக்கிறாள். கீழே ஆமென், ஆமென், கும்பிடும் கைகள். என் ஒஃபிஸ்காரர்கள்கூட.

நோய் விஷயம் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள்.

மார்ச் 5, விபூதிப் புதன்

டெனிஷாவுக்குக் கோல் எடுத்து, படத்தை அகற்றச் சொன்னேன். “செபம் கேட்டது பிழையா அக்கா? எத்தினை சனம் உங்களுக்காக முழங்காலில நிக்குது தெரியுமா?”

குரலில் உண்மையான கவலை. அதுதான் தாங்க முடியவில்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம். செபமாலையோடு வந்து நிற்பவளை எங்கே அடிப்பது? பக்கத்தை நடத்தும் நிக்கலஸ் அண்ணனிடமும் கேட்டுப் பார்த்தேன். செபத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

மார்ச் 6

பீற்றர் தனக்குத் தேவையில்லை என்கிறாள் றொஷானி. பொய். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே மூடி வைத்திருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

டெனிஷா இன்று ஒரு படம் போட்டிருக்கிறாள். அவளும் சாந்தனும், நுவரெலியாவில். “என் வாழ்க்கைத் துணையோடு இனிய ஞாயிறு.” அது பழைய படம். சாந்தன் டிசம்பரில் நத்தாரோடு அவளை விட்டுப் போய்விட்டான். “ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா, நான் வெளிய தலை காட்டேலாது” என்று என் மடியில் படுத்து அழுதாள். நான் சொல்லவில்லை.

இதுவரை.

மார்ச் 11

இன்று சத்தி எடுக்கவில்லை. பசித்தது. கோபம் மருந்தைவிட நல்லது போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

போட்டுவிட்டேன். அவளுடைய வசனத்தையே எடுத்துப் பெயர்களை மாற்றினேன். “பிரிந்து வாழும் டெனிஷா, சாந்தன் தம்பதியருக்காக உருக்கமாக மன்றாடுங்கள். டெனிஷா கொட்டாஞ்சேனையில், சாந்தன் பாமன்கடையில்.” செபம் கேட்பதென்றால் பெயரோடு இடமும் போட வேண்டும், அது குழுவின் வழக்கம். படத்துக்கு நுவரெலியா. முதல் கும்பிடும் கை நிக்கலஸ் அண்ணனுடையது.

சனம் சிலுவைப் பாதைக்குக் கூடுகிற நேரம் பார்த்துத்தான் போட்டேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தக் கெட்டித்தனம் எங்கிருந்து வந்தது? வெட்கமாக இல்லை. சந்தோஷம்தான்.

மார்ச் 15

டெனிஷா கோல் எடுத்தாள். அழுதுகொண்டே கேட்டாள். “என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா.”

இதற்காகத்தானே காத்திருந்தேன். “செபம் கேட்டது பிழையா டெனிஷா?” என்றேன்.

போனை வைத்துவிட்டாள். பின்னேரம் என் படம் பக்கத்தில் இல்லை. இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 19

செபக் குழுப் பெண்கள் டெனிஷா வீட்டுக்குச் செபமாலை சொல்லப் போகிறார்களாம், ஆளுக்கொரு புத்திமதியோடு. நேற்று அவள் கதவைத் திறக்கவில்லையாம். திறக்கட்டும். ஹோர்லிக்ஸ் போத்தலோடு என்னைப் பார்க்க வந்த அத்தனை பேருக்கும் நான் திறந்தேனே. என் நெஞ்சைப் பார்க்காமல் பார்த்தார்களே, அதை அவளும் படட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சாந்தன் வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

டெனிஷாவின் தமையன்மார் பாமன்கடையில் விசாரித்து அவன் அறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கார நோனா அறையை விடச் சொல்லிவிட்டாள்.

“நான் இருக்கிற இடம் உங்களுக்கு மட்டும்தானே அக்கா சொன்னனான்.”

டெனிஷா எனக்குச் செய்ததை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். “அது அவள் செய்தது. நான் உங்களுக்கு என்ன செய்தனான்?”

இடத்தைப் போடாமல் விட்டிருக்கலாம். வழக்கத்தில் போட்டது. வழக்கத்திலா — உண்மைபோல் இருக்கட்டும் என்றா?

ஏப்ரல் 1

கீமோ. எப்போதும் சாந்தன்தான் காரில் கொண்டுபோவான். இன்று றொஷானி லீவு போட்டாள், த்ரீவீலில் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டெனிஷா செபக் குழுவை விட்டுப் போய்விட்டாள். வென்றது நான். அவளை மன்னிக்கவும் இல்லை. சாந்தன் வராததையும் அவள் தலையில்தான் போடுகிறேன். போட்டுப் பார்க்கிறேன், பழி அங்கே நிற்கவில்லை.

ஏப்ரல் 8

சாந்தன் வேறிடத்துக்குப் போய்விட்டான். எங்கே என்று தெரியாது. வட்ஸ்அப்பில் அவன் முகம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம். றொஷானியின் போனில் அவன் முகம் இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கண்டேன்: புதுப் படம், மெலிந்திருக்கிறான், பின்னால் ஏதோ பல்கனி. காட்டு என்று கையை நீட்டினேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“மாமாட்ட கேட்டிட்டுக் காட்டிறன் மம்மி.”