தோதாபுரி வரிசைக்கு நீ போட்ட ஃபார்முலா

உனக்கு,

சீசன் தொடங்கிவிட்டது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோதாபுரி மாங்காய் வாசனை முகத்தில் அடித்தது. பாதி பழம், பாதி புளிப்பு, நடுவில் டீசல் புகை. ஆலை கேட்டிலிருந்து ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை டிராக்டர்கள் நின்றன. உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டு நம் டோக்கன் ஷீட்டைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் மவுஸை வைத்துச் சொடுக்கியதும் மேலே உன் ஃபார்முலா நீளமாக வந்து நின்றது. உன்னைப் போலவே அதுவும் எதையும் சுருக்கமாகச் சொல்லாது. பத்து மாதமாக உனக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்டதை அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் இந்த மாம்பழக்கூழ் ஆலையில் சேர்ந்தோம். நான் சித்தூர் டவுன்காரி, நீ குடிபாலா தாண்டி எல்லையோரத்து ஊர்க்காரி. ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் வேலை, ஷீட் உன் வேலை. அப்போது அடுத்த வண்டியைக் கூப்பிட கேட்டில் வைத்திருந்த திரை பெரிய தலைவலியாக இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தனி ஷீட். தினமும் காலையில் யாராவது ஃபார்முலாவைக் கையால் மாற்ற வேண்டும். மறந்தால் நேற்று வந்து போனவர்களைத் திரை மறுபடி கூப்பிடும். காய் கொண்டுவரும் ரைத்துகள் ஜன்னலுக்கு வந்து என்னைத்தான் திட்டுவார்கள், உன்னையில்லை.

நீ யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாக வீடியோ பார்ப்பாய். ஒருநாள் ஒரு கட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, "இதுல இன்னிக்கு கெழமைய மட்டும் அடி. மத்தத நீ தொடாத" என்றாய். அடித்தேன். திரை தானாக அந்தக் கிழமையின் ஷீட்டுக்குப் போய், அடுத்த வண்டியின் நம்பரையும் ஊரையும் பேரையும் எடுத்து வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன்.

"இன்னாடி புரியல? ஃபார்முலாவுக்குள்ள வீட்டு அட்ரஸ எழுதல. அட்ரஸு ஒரு கட்டத்துல இருக்குது. கெழமையும் வரி நம்பரும் சேர்த்து அதுவே அட்ரஸ கட்டிக்கினு போய் கதவ தட்டும். கட்டத்த மாத்துனா வேற வீட்ட தட்டும். அவ்ளோதான்."

அதற்கு இண்டைரக்ட் என்று பேர் என்றும் சொன்னாய். நான் 'அடுத்து' என்ற பட்டனை அழுத்தினால் வரி நம்பர் ஒன்று கூடும், அடுத்த வீட்டுக் கதவு தட்டப்படும். அந்த சீசன் முழுக்க யாரும் என்னைத் திட்டவில்லை. நீ அதற்காக என்னிடம் தினமும் டீ கேட்டாய்.

அடுத்த சீசனில்தான் அது நடந்தது. வரிசையில் நின்று சலித்துப்போய் வேறு ஆலைக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. நோட்டுக் காலத்தில் அவர்கள் பேர்மேல் கோடு போட்டு அடிப்பார்கள். உனக்கு அது பிடிக்காது, ஷீட் அழுக்காகத் தெரியும் என்பாய். வரியையே எடுத்துவிடுவாய். இன்னும் கூப்பிடாத வண்டியின் வரியை எடுத்தால் பிரச்சினை இல்லை. அன்று காலையில் ஏற்கெனவே கூப்பிட்டு வராமல் போன ஒருவர் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நீ அவர் வரியை எடுத்தாய். கீழே இருந்த எல்லோரும் ஒருபடி மேலே ஏறினார்கள். ஃபார்முலாவுக்கு அது தெரியாது. இருபத்துநாலாம் வரியில் இருந்தவர் இருபத்துமூன்றுக்குப் போய்விட்டார். ஃபார்முலா பழைய அட்ரஸைப் பிடித்துக்கொண்டு இருபத்துநாலாம் கதவைத் தட்டியது. வேறு ஆள் வந்து கதவைத் திறந்தான்.

அப்படி விட்டுப்போனவர் உன் நைனா.

அவர் குத்தகைக்கு எடுத்த தோப்பின் முதல் லோடு அது. அதற்கு முன் வாழ்நாள் முழுக்க அவர் அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர். பொண்ணு ஆபீசில் இருக்கிறாள் என்று கேட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வீம்பு எனக்குத் தெரியும். நான் டீக்கு வெளியே போனபோது உச்சி வெயில். டிரெய்லரின் அடிப்பலகையிலிருந்து சாறு சொட்டி, ரோட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் நிழலுக்குக்கூட ஒதுங்காமல் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னும் இங்கயா நின்னுக்கினு இருக்கீங்க நைனா? உங்களுக்குப் பின்னாடி வந்தவங்க காலி வண்டியோட திரும்பிப் போறாங்களே?"

"கூப்புடும்மா. எனக்குத்தான் கண்ணு சரியா தெரியலயோ இன்னாவோ. நான் போய் கேட்டா, பொண்ணு வேலைல தப்புன்னு நாலு பேரு பேசுவான்."

ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எனக்குப் பயமாக இருந்தது, உன் முகத்தில் ரத்தமே இல்லை. மேனேஜர் விஷயம் கேட்டு, "வெனக கேட்டு திறக்கச் சொல்றேன், சத்தமில்லாம உள்ள கொண்டு வந்துடு" என்றார். பின்பக்க கேட் வழியே போயிருந்தால் யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும். நான் அதைத்தான் செய்யச் சொன்னேன். நீ கேட்கவில்லை. நேராக வெளியே போய் வரிசைக்கு நடுவில் நின்று, தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் சத்தமாகச் சொன்னாய். ஷீட்டில் தப்பு, தப்பு செய்தது நான், விட்டுப்போன ஆள் என் அப்பா, அவரை இப்போது விடலாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்றாய்.

ஒருவர் எகிறினார். "உங்க நைனான்றதாலதானே இப்ப வந்து சொல்ற? வேற ஆளா இருந்தா சொல்லுவியா?"

"வேற ஆளா இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அண்ணா. இதுக்கு முன்னாடி எத்தன பேரு இப்டி நின்னாங்களோ" என்றாய்.

வரிசையில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அடுத்து போகவேண்டியவர்தான் தன் டிராக்டரைப் பின்னால் எடுத்து வழி விட்டார். உன் நைனாவின் லோடில் ஒரு பங்கு அழுகிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். அவர் அதை வாரி ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டும்போது நீயும் இறங்கிக் கூடையைப் பிடித்தாய். "அழுவாத. நாளைக்கு இன்னொருத்தன் இப்டி நிக்காம பாத்துக்கோ" என்று மட்டும்தான் அவர் சொன்னார்.

மறுநாள் நீ பழைய ஷீட்டுகளைத் தோண்டினாய். முந்தின வாரம் ஒருவர் இதேபோல விட்டுப்போயிருந்தார். தூங்கிவிட்டு வந்து சண்டை போடுகிறாய் என்று வாட்ச்மேன் அவரைக் கடைசிக்கு அனுப்பியிருந்தான். நீ அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாய். அவர் உன்னைத் திட்டித் தீர்த்தார், நீ போனை வைக்காமல் முழுவதும் கேட்டாய். பிறகு ஃபார்முலாவைப் பிரித்து வேறாகக் கட்டினாய். இனி அது வரி நம்பரைத் தேடாது. கூப்பிட்ட வண்டிகளுக்கு எதிரே ஒரு குறி விழும். குறி இல்லாத டோக்கன்களில் சின்னது எதுவோ, அது ஷீட்டில் எங்கே இருந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும். "வீட்ட தேடாத, ஆள தேடு" என்று நீயே சொல்லிக்கொண்டே தட்டினாய்.

சீசன் முடிவதற்குள் நீ நோயில் படுத்துவிட்டாய். திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்தபோது உன் கை என் கையில் குச்சி மாதிரி கிடந்தது. "வரிய யாராச்சும் தூக்குனாங்களா?" என்று கேட்டாய். தூக்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றேன். "நல்லா பாத்தியா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. உன் உடம்பைப் பற்றிப் பேசுவாய் என்று வந்தவளிடம் நீ ஷீட்டைப் பற்றிக் கேட்கிறாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அது உன்னைக் கடைசியாகப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் கோபத்தைக் காட்டியிருக்க மாட்டேன்.

இப்போது ஷீட்டும் என் வேலைதான். யார் எந்த ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் நடுவில் ஒரு வரியைத் தூக்கிப் பார்க்கிறேன், யார் காணாமல் போகிறார்கள் என்று. புதிதாக வந்தவர்களுக்கு என்மேல் எரிச்சல். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது இந்த ஒரு குணம்தான், வீம்பு ஒட்டவில்லை.

இன்று காலை பதினொரு மணி வாக்கில் வாட்ச்மேன் ஜன்னலுக்கு வந்தான். கூட உன் நைனா. இளைத்திருந்தார்.

"மேடம், பெரியவரு நேத்து சாயந்திரத்துல இருந்து நிக்கறாரு. நம்ம மேடத்தோட அப்பா. வரிசைல எல்லாருமே முன்னாடி போச்சொல்றாங்க. உள்ள விட்டுடவா?"

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "வாணாம்மா. பாப்பா போட்டதுதானே இன்னும் ஓடுது? அது கூப்புடட்டும்."

போய் வண்டியருகே நின்றுகொண்டார். நான் ஒவ்வொருவராக அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் இரண்டு பேர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவர்கள் வரிகளை எடுத்தேன். எடுத்ததும் யாரும் விட்டுப்போகவில்லையே என்று திரையைச் சரிபார்த்தேன். மதியம் தாண்டி அவர் நம்பரும் ஊரும் பேரும் திரையில் வந்தன. ஜன்னல் வழியே பார்த்தேன். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பக்கத்து டிராக்டர்காரரிடம் திரையைக் காட்டினார்.

"பாப்பா கூப்ட்டுச்சு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.