ரிஷபத்துக்கு இன்றைக்கு அலைச்சல்

அடுப்புக்குப் பின்சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை நிமிர்ந்து பார்க்காமலே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். நீ போனதிலிருந்து அதில் ஒரு தாள்கூடக் கிழிபடவில்லை. இன்று காலை நம் சேவுப் பேஜில் ஒரு கமெண்ட் வந்து, பிடரியைப் பிடித்து என்னை அதன் முன்னால் நிறுத்திவிட்டது.

“அக்கா, வீடியோல காலண்டர் சித்திரை மாசத்துல நிக்கிதே. இது எப்பப் போட்ட சேவு?”

கேட்டவர் மாதம் தவறாமல் நம்மிடம் வாங்கும் அருப்புக்கோட்டை அக்கா. அதற்குக் கீழே இன்னும் நாலைந்து பேர், பழைய சேவா, பழைய சேவா என்று. மாவு பிசைந்து வைத்தது அப்படியே இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஃபோனை எடுக்கிறேன், வைக்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்ப வந்து எடுக்கிறேன். நீ இருந்தால், “ஏ மதினி, செத்த உக்காரு. ஃபோனு எங்கயும் ஓடிப் போயிறாது” என்றிருப்பாய்.

உறவு ஒன்றும் கிடையாது நமக்குள். அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பழக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிட்டுக்கொண்டோம். அங்கிருந்து நின்றுவிட்டு, ஆமத்தூரில் உன் வீட்டுப் பின்கட்டில் காராச்சேவு போட ஆரம்பித்தோம். நீ சாத்தூர்க்காரி, போடுவது உன் பாடு. விற்பது என் பாடு.

நான் விற்ற லட்சணம் உனக்குத் தெரியாதா? ரோஜாப்பூ வளையத்துக்கு நடுவில் சேவுப் படத்தை வைத்து, “சுவையோ சுவை” என்று மின்னுகிற எழுத்தில் போட்டு, கண்ணில் பட்ட குரூப்புக்கெல்லாம் அனுப்பினேன். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் குரூப்பைக்கூட விடவில்லை. அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். பேஜில் பதினோரு லைக் விழுந்தது. பதினொன்றும் சொந்தக்காரர்கள், அதில் ஒருத்தருக்குப் பல்லே கிடையாது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது.

“பூவ யாரு கேட்டா மதினி? சேவு எப்பப் போட்டதுன்னுதான் வாங்குறவுக கேப்பாக. அத மொதல்ல சொல்லு” என்றாய். சிவகாசிப் பக்கம் காலண்டருக்கா பஞ்சம்? மறுநாளே அடுப்புக்குப் பின்னால் ஒன்றை மாட்டினாய். வீடியோவில் முகத்தைக் காட்டமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உன் கை மட்டும் வரும், நேற்றைய தாளைக் கிழிக்கும், ஓட்டைக் கரண்டியில் மாவை வைத்து எண்ணெய்க்கு மேலே தேய்க்கும். முதல் ஈடு வெந்து வந்ததும் உன் குரல் கேட்கும். காலண்டரில் உன் ராசிக்கு அன்றைக்குப் போட்டிருக்கும் ஒற்றைச் சொல்லைப் படிப்பாய்.

“ரிஷபத்துக்கு இன்னைக்கு அலைச்சல்னு போட்டிருக்கு. சேவு நல்லா வந்திருக்கு.”

அம்புட்டுத்தான். அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் சேர்ந்தார்கள். எங்கள் கடகத்துக்கு என்ன, எங்கள் மீனத்துக்கு என்ன என்று கீழே கேட்பார்கள். நீ ஒருத்தர் விடாமல் பதில் சொல்வாய், அதுவும் எழுத்தில் இல்லை, குரலில். கால் கிலோ என்ன விலை என்று கேட்டவரிடம், “வீட்ல வயசானவுக இருக்காகளா? இருந்தா மெத்துனு போட்டுத் தாரேன்” என்றாய். அவர் வருஷக்கணக்காக நம்மை விடவில்லை.

ஒருநாள் உப்பு கூடிப் போயிற்று. இன்றைக்கு வீடியோ வேண்டாம், நேற்று எடுத்ததில் மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுவிடுகிறேன் என்றேன். என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாய். “ரிஷபத்துக்கு இன்னைக்கு வெற்றின்னு போட்டிருக்கு. சேவுல உப்பு கூடிப்போச்சு. யாருக்கும் இன்னைக்கு அனுப்பல, கோவிச்சுக்கிறாதீக.” ஊரே காறித் துப்பப் போகிறது என்று நான் குதித்த குதி கொஞ்சமா? அன்றைக்கு வந்த மாதிரி ஆர்டர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அதற்குப் பிறகும் நீ சொன்னது ஒன்றுதான். “இன்னைக்குள்ளத இன்னைக்குக் காட்டு மதினி. இல்லேன்னா சும்மா இரு.”

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தாளைக் கிழித்தாய், சேவு போட்டாய், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாய். வேலை நேரத்தில் நீ உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு உன் மேல் கோபம் மதினி. இன்னும் தீரவில்லை.

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன், கேள். எனக்குத்தான் எதிலும் பதற்றமாயிற்றே, எடுத்தது சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்று தினமும் ரெண்டு மூன்று தடவை எடுத்து வைத்திருந்தேன். உன் கை இருக்கும் துண்டு வீடியோக்கள் ஃபோன் நிறையக் கிடந்தன. உன் பதினாறாம் நாள் கும்பிட்டு முடிந்ததும் நான்தான் சேவு போட்டேன், அன்றன்றைக்குப் புதுசாகத்தான் போட்டேன். ஆனால் பேஜில் உன் கையைப் போட்டேன். காலண்டர் தெரியாமல் ஓரத்தை வெட்டினேன், குரலை அணைத்துவிட்டுப் பாட்டைச் சேர்த்தேன். உன் கை இல்லாவிட்டால் என்னிடம் யார் வாங்குவார்கள் என்ற பயம்தான், வேறென்ன?

“அக்கா ஏன் பேசவே மாட்டேங்கிறாக?” என்று கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதினேன். நான்கு மாதமாக உனக்குத் தொண்டை கட்டு. சித்தரத்தையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள், மிளகுப் பால் சொன்னார்கள். விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் பனங்கற்கண்டு பார்சலே அனுப்பிவிட்டார். பிரிக்க மனசு வராமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் சிவகாசி ரோட்டுப் பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் வந்தார். தீபாவளிக்குக் கிஃப்ட் பாக்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சேவுப் பாக்கெட் கொடுக்க வேண்டுமாம். “ஒங்க வீடியோவ விடாமப் பாக்கேன். அந்தக் காலண்டரு எங்க போச்சு? அதப் பாத்துத்தான நம்பியே வாங்குறோம்” என்றார். இம்புட்டுப் பெரிய ஆர்டர் நமக்கு வந்ததில்லை. எனக்குக் கைகால் ஓடவில்லை. நேற்று ஒரு துண்டை ஓரம் வெட்டாமல் அப்படியே போட்டேன். காலண்டர் தெரிந்தால் போதும், தேதியை எவர் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். காலண்டர் அடிக்கிற சீமையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வந்த புத்தியைப் பார்.

கமெண்டுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நிற்கும்போதே அருப்புக்கோட்டை அக்கா கூப்பிட்டுவிட்டார். பழைய சேவை விற்கிறாயா என்று வையப் போகிறார் என்றுதான் எடுத்தேன்.

“தப்பா எடுத்துக்கிறாதீக. சேவு எப்பயும் போல நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டது அதுக்கில்ல. வீடியோல கை மட்டும் தெரியுமே, அந்தக்கா சத்தத்தையே நாலு மாசமாக் காணுமே. அவுகளுக்கு ஒண்ணும் இல்லையே?”

“கொஞ்ச நேரத்துல வீடியோ போடுதேன், பாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

காலண்டர் முன்னால் போய் நின்றேன். இன்றைய தேதிக்கு வர வேண்டுமென்றால் நான்கு மாதத் தாள்களைக் கிழிக்க வேண்டும். கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்திருக்கலாம். கை போகவில்லை, ஒவ்வொன்றாகத்தான் கிழித்தேன். வேண்டாம் வேண்டாமென்று நினைத்தாலும் கண் ரிஷபத்துக்குத்தான் போனது. வரவு. பயணம். மகிழ்ச்சி. நட்பு. நீ இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் உனக்கு என்னவோ ஒன்று போட்டிருந்தது. போன வருஷமே அச்சடித்தவர்களுக்கு என்ன தெரியும்? தரையெல்லாம் தாள். நடுவில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெய் டின்னில் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். நேற்றுக்குரிய கடைசித் தாளை மட்டும் கிழிக்காமல் வைத்திருந்தேன், அதை வீடியோவில் கிழித்தேன். மாவைத் தேய்த்தேன். உன் கை மாதிரி வளையவில்லை, சேவு ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக விழுந்தது. முதல் ஈடு வெந்ததும் வாயைத் திறந்தேன்.

“இது எங் கை. நீங்க பாத்த கை எங்க மதினியோடது. சித்திரையிலயே தவறிட்டாக. தொண்ட கட்டுன்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். இனிமே வாங்குறதும் வாங்காததும் ஒங்க இஷ்டம்.”

அப்புறம் காலண்டரைப் பார்த்து என் ராசியைத் தேடிப் படித்தேன்.

“தனுசுக்கு இன்னைக்குப் பயம்னு போட்டிருக்கு. சேவு நல்லா வந்திருக்கு.”

சேவு கோணலாக விழுவது வீடியோவில் நன்றாகவே தெரிகிறது மதினி. ஓரத்தில் காலண்டரும் தெரிகிறது. எதையும் வெட்டாமல் போட்டுவிட்டேன்.