வெட்டிப்போட்ட பாதிப் பேச்சு

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனை எடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறாய். இதையாவது கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. உன் மகளுக்கு உடம்பு தேவலையா? பேத்தி தூங்க விடுகிறாளா? இங்கே உன் அண்ணன் வழக்கம்போலக் கடையில் காசு போட்டு ஆடுகிற பழைய வீடியோ கேம் இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் காதில் விழுகிறது.

நம் இருவரையும் வைத்து எடுத்த அந்த ஆவணப்படத்தை நீ மகள் வீட்டில் பார்த்தாய், நாங்கள் கடையில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பார்த்தோம். 'குடும்பத்துக்குள் ஒரு யுத்தம்' என்று பெயர் போட்டபோதே இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. விண்கலத்தைச் சுடுகிற ஆட்டத்தில் முதல் இரண்டு இடங்களும் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் என்றால், பார்க்கிறவர்கள் சண்டையைத்தானே எதிர்பார்ப்பார்கள்? டைரக்டர் தம்பி நம் இருவரையும் முறைத்துக்கொண்டே எதிரெதிரே நடக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் நீ சிரித்துக் கெடுத்தாய். கடைசியில் செருப்பு அறுந்து நான் முகம் சுளித்ததை எடுத்துப் போட்டுவிட்டார்கள். பின்னால் இழவு வீடு மாதிரி ஒரு இசை வேறு.

அதுகூடப் போகட்டும். "அவ தோக்கணும், தினம் தினம் தோக்கணும்" என்று நான் சொல்கிற இடத்தில் நீ எழுந்து போய்விட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். சொன்னேன், இல்லை என்று சாதிக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லையடி. "தோத்தவங்கதான் அன்னிக்குச் சமைக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு. அவ கைப்பக்குவம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தப் பாதியை வெட்டிவிட்டார்கள். அந்த டைரக்டர் தம்பியைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "படம் விறுவிறுப்பா இருக்கணும்ல, அக்கா" என்கிறான். அவனுக்குப் படம், எனக்கு நீ. அது அவனுக்கு எங்கே புரியப் போகிறது?

இன்னொரு செய்தி. இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. போன வாரம் உன் ஸ்கோரைத் தாண்டிவிட்டேன். கடையே கைதட்டியது. உன் அண்ணன்கூட எழுந்து வந்தார். நான் திரும்பிப் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தேன். "குருட்டு அதிர்ஷ்டம், அண்ணி" என்று கத்துவதற்கு ஆளில்லை. அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சமாளித்துப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.

நீ இல்லாமல் முதலிடத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக உனக்கு விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்துவிடாதே, அந்தப் பழக்கம் நமக்குள் கிடையாது. பிள்ளை பெற்றவள் கொஞ்சம் தேறியதும் புறப்பட்டு வா. வந்து என்னை ஓட ஓட விரட்டு.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நீ ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் வாழ்த்தமாட்டேன், அது பொய். வந்து என் பக்கத்தில் உட்கார், அது போதும்.

இப்படிக்கு,
இன்னும் உன்
அண்ணி